கணனி மாறும் குரல்கள்

உயர்தரம் படித்த காலத்தில் என் மூத்தம்மாவிடமிருந்து 11 கவிகளைப் பதிவு செய்தேன். அக்கரைப்பற்றில் எங்கள் வீட்டு அடுப்படித் திண்ணையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து எடுத்த பதிவு. வயலில் நின்றும் பாய் இழைத்தபடியும் நம் பெண்கள் பாடிய அந்த நாட்டார் கவிகள்தான். இசை என்றதும் புருவம் உயர்த்தும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கவிக்கு வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான்.

ஏறத்தாழ 40 நிமிடப் பதிவை ஓடாசிட்டி மென்பொருளில் திறந்தேன். காகம் கரைந்த இடங்களையும் இருமலையும் வெட்டி, கவிகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். திருக்கோவிலில் என் தோழியின் அண்ணனிடம் நல்ல ஒலிபெருக்கிகளுடன் ஒரு கணனி இருந்தது. இரைச்சலைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். கோப்பைப் பென் ட்ரைவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திறந்தபோது, தரவுக் கோப்புறையைக் காணவில்லை என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. “தங்கச்சி, இதுல குரலே இல்லையே” என்றார் அண்ணா.

நான் கொண்டுபோனது குரலை அல்ல. களரிச் சாப்பாட்டுக்குச் சாமான் வாங்க எழுதும் துண்டு ஒன்று உண்டல்லவா, இத்தனை கிலோ அரிசி, இத்தனை கிலோ இறைச்சி என்று? அப்படியொரு துண்டை மட்டுமே கொண்டுபோயிருந்தேன். ஒலித் திட்டக் கோப்பு எனப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட துண்டுதான். இந்தக் குரலை அந்த இடத்திலிருந்து எடு, இந்த விநாடியில் தொடங்கு, இங்கே வெட்டு, இவ்வளவு சத்தம் வை என்ற கட்டளைகள் அதில் இருக்கும். குரல் வேறோர் இடத்தில் கிடக்கும். அந்த நாளைய ஓடாசிட்டியில் அது பெயரின் இறுதியில் ‘டேட்டா’ என்று முடியும் ஒரு கோப்புறைக்குள், ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட் அளவான நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. நான் பஸ்ஸில் கொண்டுபோன கோப்பு ஒரு மெகாபைட்டில் பத்திலொரு பங்குகூட இல்லை. வீட்டில் விட்டுவந்ததோ 400 மெகாபைட்டுக்கு மேல். அந்த எண்ணிக்கையைப் பார்த்திருந்தாலே விளங்கியிருக்கும், பார்க்கவில்லை.

மாலையில் வீடு திரும்பினேன். கணனியில் இடம் போதவில்லை என்று தம்பி அந்தக் கோப்புறையை அழித்திருந்தான், குப்பைத் தொட்டியையும் காலி செய்திருந்தான். அவனை ஏசி என்ன பயன்? எழுத்தும் இலக்கமுமாய் விசித்திரப் பெயர்கள் கொண்ட அந்தச் சிறு கோப்புகளைப் பார்த்தால் யாருக்கும் குப்பையென்றே தோன்றும். கைப்பேசியில் எடுத்த மூலப்பதிவை அதற்கு முன்பே நானே அழித்துவிட்டேன். கணனியில் இருக்கிறதே என்ற தைரியம்!

2021 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து ஓடாசிட்டி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கிறது. இது பெரிய நிம்மதி. ஆனாலும் மென்பொருள் திறந்திருக்கும்போது அந்தக் கோப்பைப் பிரதி எடுக்க வேண்டாம். கடைசியாகச் செய்த மாற்றங்கள் பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பில் நிற்கலாம். சேமித்து, மூடி, பிறகு எடுங்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு உள்ள கணனி திறக்காது என்பதையும் மறக்க வேண்டாம். பாடசாலைக் கணனிகள் எப்போதும் வீட்டுக் கணனியைவிட ஒரு பதிப்பாவது பின்னால்தான் இருக்கும்!

மற்ற மென்பொருட்களில் துண்டும் சாமானும் இன்னும் பிரிந்தே இருக்கலாம். அதனால்தான் அவற்றில் எல்லாவற்றையும் திரட்டும் ஒரு கட்டளை இருக்கிறது. ஏபிள்டன் லைவில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’, கியூபேஸில் ‘பேக்கப் புரொஜெக்ட்’, எஃப்.எல். ஸ்டூடியோவில் ‘ஸிப்ட் லூப் பேக்கேஜ்’. ஒரு கணனியை விட்டுப் புறப்படுமுன் இதைச் செய்யாமல் எழும்பக் கூடாது. செய்தாலும் பிளகின் எனப்படும் துணை மென்பொருட்கள் கூட வராது, அவற்றை அங்கே தனியாக நிறுவ வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் மூலப்பதிவையும் முடித்த பதிவையும் வேவ் கோப்புகளாகத் தனியே வைத்திருங்கள். அதைத் திறக்காத கணனி அரிது. சாதாரணத் தரத்தில் ஒற்றைத் தட ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 317 மெகாபைட் எடுக்கும். எம்பி3 ஆக்கினால் 60 மெகாபைட்டுக்குள் அடங்கும், ஆனால் அதில் வீசி எறியப்படும் ஒலி திரும்பி வராது. நண்பிக்குக் கேட்க அனுப்ப எம்பி3 போதும், பாதுகாக்க அது வேண்டாம். வட்ஸ்அப்பில் கோப்பை அனுப்புவதாயின் ஆவணமாக அனுப்புங்கள். பழைய பென் ட்ரைவ் பெரிய கோப்பை ஏற்க மறுத்தால் பதற வேண்டாம். ஃபேட்32 முறையில் வடிவமைத்த ட்ரைவில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு நுழையாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரி.

சோதிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பென் ட்ரைவில் ஏற்றியதை அதே கணனியில் திறந்து பார்த்தால் பிழையே தெரியாமல் போகலாம். துண்டில் எழுதிய பழைய முகவரியில் குரல் இன்னும் இருப்பதால் அது அங்கிருந்து எடுத்துப் பாடிக் காட்டும். வேறொரு கணனியில் திறந்து, முதல் விநாடி மட்டுமல்ல, நடுவிலும் கடைசியிலும் கேட்டால்தான் சோதித்ததாகும். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டோய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தபோது, காப்புப் பிரதி முறையே ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. படத்தைக் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற பெண். குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த அவரது கணனியில் ஒரு பிரதி இருந்தது. கணனியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுபோனார்களாம்.

அவரது பிரதி வேறொரு கூரையின் கீழ் இருந்தது. நம் கரையில் இதை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். உயிர்களை எண்ணிய நாட்களில் கசெட்டுகளை யார் எண்ணுவார்? அன்று ஒரே அலுமாரியில் இரண்டு பிரதி வைத்தவரும் ஒன்று வைத்தவரும் ஒன்றுதான். துறை சார்ந்தவர்கள் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்பார்கள். நமக்கு அது வீட்டுக் கணனி, ஒரு வெளி வன்தட்டு, கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் உறவினர் ஒருவர் என்று முடிந்துவிடும். கூகுள் ட்ரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட்டையும் பயன்படுத்தலாம். ஆனால் வீட்டுப் பெண்களின் குரல் அது. பாடியவரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள், பகிர்வை மூடி வையுங்கள். சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ்.எச்.எம். ஜெமீல் ‘கிராமத்து இதயம்’ என்ற நூலில் நம் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். சொல்லுக்கு அப்படி நூல் உண்டு. கவியின் கடைசிச் சொல்லை மூத்தம்மா இழுத்து இறக்கும் அந்த ராகத்தை அச்சில் ஏற்ற முடியாது.

சில மாதங்கள் கழித்து மூத்தம்மாவிடம் மறுபடி கேட்டேன். “முந்தி பாடினத்த என்ன செஞ்சாய் புள்ள?” என்றார். சொன்னேன். ஏசவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டே பாடினார். 11இல் 7தான் வந்தன. அந்த ஏழும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன, ஒன்று கண்டியில் ராத்தாவிடம். ஒவ்வொரு நோன்பு விடுமுறையிலும் திறந்து கேட்டுப் பார்ப்போம். மற்ற நான்கில் ஒன்றின் முதல் இரண்டடி, முதல் நாள் தோழிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய 40 விநாடித் துண்டில் இருக்கிறது. மூன்றாம் அடி தொடங்கும்போது அறுந்துவிடும்.