அளவே மருந்து

நுழையும்முன்

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில், மருந்துப் புட்டியின்மேல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிடப்பட்டிருப்பதைப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் படித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீங்களே. தம்பி தங்கையருக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்பதையும் நீங்கள் படித்துச் சொல்லியிருப்பீர்கள். அந்த அளவை எவ்வாறு கண்டறிந்தார்கள்? இப்பாடம் அதனை விளக்குகிறது.

பாதி உடலுக்குப் பாதி மருந்தா?

அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு மாத்திரை என்றால், முப்பது கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அரை மாத்திரை என்று கணக்கிடுவது எளிது. நெடுங்காலம் மருத்துவர்களும் பெரியவருக்குரிய அளவை வயதாலோ எடையாலோ வகுத்தே குழந்தைகளுக்குக் கொடுத்துவந்தனர். ஆனால், உடல் இவ்வளவு எளிய கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

நாம் விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்படுகிறது, குருதியில் கலந்து உடலெங்கும் பரவுகிறது, கல்லீரல் அதனைச் சிதைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இந்நான்கு செயல்களும் வயதுக்கேற்ப மாறுபடும். பிறந்த குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் முழுமையாகச் செயல்படத் தொடங்கியிருப்பதில்லை. ஆகவே, பல மருந்துகள் அதன் உடலில் நெடுநேரம் தங்கிவிடும். ஓடியாடும் இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் நிலையோ வேறு. எடைக்கு எடை ஒப்பிட்டால், அதன் உடல் பல மருந்துகளைப் பெரியவரின் உடலைவிட விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும்.

மிகையால் விளைந்த துன்பம்

1950களில் அமெரிக்காவில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை நோய்த்தொற்றிலிருந்து காக்கக் குளோராம்பெனிகால் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அம்மருந்து பெற்ற குழந்தைகள் சிலரின் உடல் சாம்பல் நிறமாக மாறியது, பலர் இறந்தனர். மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. மருந்து பெற்ற குழந்தைகளே மிகுதியாக இறந்தனர் என்று அது காட்டியது. அம்மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் அக்குழந்தைகளின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஒவ்வொரு வேளை மருந்தும் முந்தைய வேளை மருந்தின்மேல் சேர்ந்து நஞ்சாயிற்று.

குறையால் விளைந்த துன்பம்

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நாம் அறிந்த பழமொழி. மருந்தைப் பொறுத்தவரை, அளவு குறைந்தாலும் தீங்குதான். காசநோய் மருந்தான ஐசோனியாசிட் இதற்கு நல்ல சான்று. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொடுப்பர். அதாவது, ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். அதே கணக்கில், 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 மில்லிகிராம் போதும் என்று கருதினர். ஆனால், குழந்தைகளின் குருதியை ஆராய்ந்தபோது, நோய்க்கிருமியை அழிக்கத் தேவையான அளவு மருந்து அதில் இல்லாதது தெரியவந்தது. எனவே, 2010ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான அளவைக் கிலோவுக்கு 10 மில்லிகிராமாக உயர்த்தியது. அதே குழந்தைக்கு இப்போது 120 மில்லிகிராம்!

அளவு தெரிந்தபின்னும் ஓர் இடர் இருந்தது. பெற்றோர் பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்தும் பொடித்தும் கொடுத்தனர். உடைந்த துண்டில் எவ்வளவு மருந்து உள்ளது என்பதை யார் அறிவார்? புதிய அளவுக்கேற்ப, பழச்சுவையுடன் நீரில் கரையும் குழந்தைகளுக்கான கூட்டு மாத்திரைகள் 2015ஆம் ஆண்டு இறுதியில் அறிமுகமாயின.

ஆய்வு நடைபெறும் முறை

குழந்தைகளை மருந்தாய்வில் சேர்க்க உலகம் நெடுங்காலம் அஞ்சியது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும், ஆராயாமல் ஊகித்துக் கொடுத்தபோது, ஒவ்வொரு குழந்தையும் கண்காணிப்பு இல்லாத ஆய்வுக்கே உட்பட்டது. ஆகவே, இன்று விதிகளோடு ஆராய்கின்றனர். பெற்றோரின் எழுத்து வழி ஒப்புதல் கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 7 முதல் 12 வயதுவரை உள்ள குழந்தையின் வாய்மொழி இசைவையும், அதற்கு மேற்பட்ட வயதினரின் எழுத்து வழி இசைவையும் பெறவேண்டும். உங்கள் வயதினரிடமும் 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்டே ஆகவேண்டும்.

இத்தகைய ஆய்வொன்றில் இந்தியா, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த 1,204 பிள்ளைகள் பங்கேற்றனர். இந்தியாவில் சென்னையிலும் புனேயிலும் அது நடைபெற்றது. கடுமையல்லாத காசநோய் உள்ள பிள்ளைகளுக்கு ஆறு மாத மருத்துவத்துக்கு மாறாக நான்கு மாதம் போதுமா என்பதே கேள்வி. 'போதும்' என்ற விடை 2022ஆம் ஆண்டு வெளியானது. அப்பிள்ளைகளும் பெற்றோரும் கூறிய சம்மதத்தால், உலகெங்கும் பல குழந்தைகளுக்கு இரண்டு மாத மருந்துச் சுமை குறைகிறது.

நம் வீட்டில்

ஆய்வாளர் கண்டறிந்த அளவு, வீட்டில் ஊற்றும் கையில் தவறிவிடக்கூடாது. காய்ச்சலுக்குரிய பாராசிட்டமால் சொட்டு மருந்தில், 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் மருந்து இருப்பதுண்டு. அதே பெயருள்ள சிரப்பில், 5 மில்லிலிட்டரில்தான் 125 மில்லிகிராம் இருப்பதுண்டு. சிரப் என்று எண்ணிச் சொட்டு மருந்தை ஊற்றினால், நான்கு மடங்கு மருந்து உள்ளே சென்றுவிடும். எனவே, மருந்தின் பெயரோடு அதன் செறிவையும் உரக்கப் படித்துச் சொல்லுங்கள். சமையலறைக் கரண்டியை விடுத்து, புட்டியுடன் வரும் அளவுமூடியையோ ஊசியில்லாச் சிரிஞ்சையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். அளவை முடிவு செய்பவர் மருத்துவர். அதனைப் பிழையின்றிப் படித்துச் சொல்வது உங்கள் பங்கு.

சொல்லும் பொருளும்

குருதி – இரத்தம்
மிகை – தேவைக்கு மேற்பட்டது
இடர் – துன்பம், இடையூறு
இசைவு – சம்மதம்
செறிவு – குறிப்பிட்ட அளவு நீர்மத்தில் அடங்கியுள்ள மருந்தின் அளவு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. மருந்தளவு 2. நோய்த்தொற்று 3. இந்நான்கு

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
1. மிகை 2. விரைவாக 3. எளிது

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குளோராம்பெனிகால் குறைமாதக் குழந்தைகளுக்கு நஞ்சானது ஏன்?
2. மாத்திரையை உடைத்துக் கொடுப்பதில் உள்ள இடர் யாது?

ஈ. கணக்கிட்டு எழுதுக.
15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2010ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் வகுக்கப்பட்ட ஐசோனியாசிட் அளவு எவ்வளவு?

உ. சிந்தித்து எழுதுக.
உங்கள் வயதுடைய ஒருவரை மருந்தாய்வில் சேர அழைக்கின்றனர். சம்மதம் கூறுமுன் அவர் கேட்கவேண்டிய மூன்று வினாக்களை எழுதுக.

ஊ. செயல்திட்டம்
வீட்டிலுள்ள மருந்துப் புட்டியொன்றின் பெயர், செறிவு, காலாவதி நாள் ஆகியவற்றைப் பெரியவர் முன்னிலையில் படித்து, தமிழில் எழுதி வருக.