கம்பைலரே கவிழ்ந்துவிட்டதா? அக்கா சொல்றதைக் கேளு

தங்கச்சி, சி பிளஸ் பிளஸ் கம்பைல் பண்ணும்போது வரும் எரர் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. செமிகோலன் விட்டுப்போனால் அது உன் தப்பு. 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்று வந்தால் கம்பைலர் தப்பு. உன் கோட் தப்பாகவே இருந்தாலும், அதைச் சொல்லிவிட்டு ஒழுங்காக நிற்பதுதான் அதன் வேலை. ஜிசிசியின் புகார்த் தளமான பக்ஸில்லாவில் சரியான கோடைப் பார்த்து விழுந்ததற்கும் தப்பான கோடைப் பார்த்து விழுந்ததற்கும் தனித்தனிக் குறிச்சொல்லே உண்டு. அதனால் கூச்சப்படாமல் புகார் கொடு. 'கில்டு' என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் ரேம் போதவில்லை. மேக் கட்டளையில் ஜே எண்ணைக் குறைத்துப் பார்.

கம்பைலர் விழுந்த இடத்தில், டெம்ப்ளேட் ஃபங்ஷனில் டீஃபால்ட் ஆர்குமென்ட் இருந்தால் கொஞ்சம் உஷார். அதை கம்பைலர் அப்போதே முழுசாக விரிக்காது. அந்த ஆர்குமென்டை விட்டுவிட்டு யாராவது கூப்பிடும்போதுதான் விரிக்கும். உதாரணமாக, வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்கு ஒப்பிடும் லாம்ப்டாவை டீஃபால்ட்டாக வைத்திருக்கிறாய். இரண்டு ஆர்குமென்டும் கொடுத்தால் கம்பைல் ஆகிறது, ஒன்றை மட்டும் கொடுத்தால் விழுகிறது என்றால் ஆளைப் பிடித்துவிட்டாய். டீஃபால்ட்டைத் தூக்கு, ஒரே ஆர்குமென்ட் வாங்கும் ஓவர்லோடு ஒன்று எழுதி, அதற்குள்ளிருந்து பழையதைக் கூப்பிடு. பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் பில்ட் ஓடும்.

அடுத்து ஆதாரம். ஜிசிசியில் 'சேவ் டெம்ப்ஸ்' ஆப்ஷன் போட்டால் ஹெடரெல்லாம் விரிந்த ஃபைல் கிடைக்கும். கிளாங் விழும்போது தானே அந்த ஃபைலையும் ஓட்டிப் பார்க்க ஒரு ஸ்கிரிப்டையும் டெம்ப் டைரக்டரியில் போட்டு, இடத்தையும் சொல்லும்; மெஷினை ரீபூட் பண்ணுவதற்கு முன்னால் எடுத்து வை. அப்படியே வெளியே அனுப்பிவிடாதே, ஆபீஸ் கோட் முழுக்க அதில்தான் இருக்கும்!

அந்த ஃபைலைச் சுருக்க சி-வைஸ் என்ற கருவி இருக்கிறது. ஆயிரக்கணக்கான வரியைச் சில வரிகளாகவே ஆக்கிவிடும். சுருக்கிய பிறகும் அதே எரர் வருகிறதா என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்டை நாம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். கம்பைல் ஆகவில்லை என்பதை மட்டும் பார்க்கிற ஸ்கிரிப்ட் கொடுத்தால், கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு சாதாரண சின்டாக்ஸ் எரர்தான். 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்ற அதே வாசகத்தைத் தேடச் சொல்லி எழுது. சுருங்கியதை கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் புது வெர்ஷனிலும் ஓட்டிப் பார். அங்கே சரியாகியிருந்தால் புகாரே வேண்டாம்.

புகார் கொடுத்தால், ஓவர்லோடு எழுதிய இடத்தில் பக் நம்பரைக் கமென்ட்டாகப் போட்டுவை. அது சரியாகும் அன்றைக்கு அந்த ஓவர்லோடை யார் வேண்டுமானாலும் தைரியமாக எடுத்துவிடலாம்.