வீடு பார்க்க வருகிறவர்கள்

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமன் எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறதென்று அடுத்த கடிதத்தில் அவசியம் எழுது.

கும்பகோணத்து வீட்டை விற்றுவிடுவதென்று அம்மாவும் நீயும் உன் தங்கையும் கூடிப் பேசித் தீர்மானித்தது பற்றியும், ஆவணி பிறந்ததும் தரகர் ஆட்களை அழைத்து வருவதாகச் சொல்லியிருப்பது பற்றியும், அதற்குள் உள்ளும் புறமும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து வீட்டைப் புத்தம் புதிதாகக் காட்டிவிட வேண்டும் என்ற உன் உத்தேசம் பற்றியும் எழுதியிருந்தாய். விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீ சென்னையிலும் உன் தங்கை கோயம்புத்தூரிலுமாக நிலைத்துவிட்ட பிறகு, மூன்று கட்டு வீட்டில் என் தங்கையைத் தனியாக விட்டுவைப்பது நியாயமாகாது. ஆனால் பெயிண்ட் விஷயத்தில், ஆளுக்கு முன்பணம் கொடுப்பதற்குமுன் நான் சொல்வதைச் சற்றுப் பொறுமையாகக் கேள்.

இரண்டாங்கட்டில், சமையலறைக்கும் கிணற்றடிக்கும் இடையே நிற்கிற சுவரை உனக்கு நினைவிருக்கும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு அதில் எப்போதும் ஈரம் கோத்திருக்கும். விரலால் தடவினால் வெள்ளை உப்பு மாவாக ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த காரையால் எழுந்தது. பூமியிலிருந்து ஏறுகிற ஈரத்தை அது தனக்குள் சிறைப்படுத்தாமல் மேற்பூச்சின் வழியே காற்றில் விட்டுவிடும் சுபாவம் உடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசி, பட்டி வைத்து, பிளாஸ்டிக் பெயிண்டால் மூடினால், வெளியே போக வழியற்ற ஈரம் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறும். ஒரு மழைக்காலம் போவதற்குள் பெயிண்ட் கொப்புளமாக எழும்பிப் பொருக்குப் பொருக்காக உதிரும். அதற்குள் பத்திரம் பதிவாகியிருக்கும். அங்கே குடியேறிய மனிதர் உதிர்ந்த சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு உன்னையும், மறைந்துபோன உன் தகப்பனாரையும் என்னவென்று நினைப்பார்?

ஆகையால் பெயிண்டுக்கு வைத்திருக்கிற தொகையில் ஒரு பகுதியைக் கிணற்றடிக்குச் செலவிடு. அங்கே சிந்தும் தண்ணீர் சுவரோரம் தேங்காதபடி தளத்துக்கு வாட்டம் கொடுத்துச் சாக்கடையில் சேர்த்துவிட்டாலே ஈரத்தில் பாதி குறையும். பொரிந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டு காரை பூசி, ஆறவிட்டு, வெள்ளை அடி. அப்போதும் லேசாகக் கறை தெரியுமானால் தெரிந்துவிட்டுப் போகட்டும். அந்த இடத்தில் அலமாரியை நகர்த்தி வைத்து மறைக்காதே. வருகிறவரிடம், "இங்கே ஈரம் ஏறுவதுண்டு, இன்ன காரணம், இன்ன வேலை செய்திருக்கிறோம்" என்று நீயே முதலில் சொல்லிவிடு.

இது மாமனின் பழைய காலத்துப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதே. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவர் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாததுமான முக்கியமான குறை, சொத்திலோ அதன் உரிமையிலோ இருக்குமானால், அதை விற்பவர் வெளிப்படுத்தியே தீரவேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமல் விடுவது மோசடி என்றும் அதே பிரிவு சொல்கிறது. வீட்டை ஒழுங்குபடுத்துவது என்றால், வருகிறவர் அதை உள்ளபடி பார்ப்பதற்குத் தடையாக இருக்கிறவற்றை நீக்குவது. அவர் பார்வைக்குப் புதிய தடைகளை உண்டாக்குவது அல்ல. உனக்கு நான் எழுத வந்தது இந்த ஒன்றைத்தான்.

கூரைக்கு வருவோம். ஆடி மாதத்தில் வீடு பார்க்க யாரும் வரமாட்டார்கள். அந்த அவகாசத்தில் ஓடு மாற்றுகிற ஆளை மேலே ஏற்றிவிடு. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் குரங்குகள் நடந்து நகர்த்திய நாட்டு ஓடுகளைச் சரிசெய்து, கூரைச் சரிவுகள் கூடுகிற மூலைத் தகரங்களில் சேர்ந்த சருகை அள்ளி, கைமரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல். கரையான் தின்ற மரம் பொத்தென்று சத்தம் கொடுக்கும். அப்படிப்பட்ட கைமரத்தை மாற்று, வார்னிஷ் பூசாதே. முன்கட்டில் இருப்பவை மங்களூர் ஓடுகள். 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிலின் வழிவந்த அவ்வகை ஓடுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது வேண்டாம். பழைய வீட்டை விரும்பி வாங்க வருகிறவர் ஓட்டின் இயல்பான நிறத்தைத்தான் தேடுவார். இன்னொன்று சொன்னால் நீ ஆச்சரியப்படுவாய்: ஆவணி, புரட்டாசியில் மாலை வேளைகளில் இடிமழை பெய்வதுண்டல்லவா, அப்படிப் பெய்த மறுநாள் காலையில் வாருங்கள் என்று தரகரிடம் சொல்லிவை. மழைக்கு மறுநாள் பார்த்துத் திருப்தியடைந்தவர், ஐப்பசி அடைமழையில் மனம் மாறி முன்பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்.

உள்ளே செய்யவேண்டியவை அதிகம் இல்லை. பூட்டிக் கிடக்கிற மூன்றாங்கட்டை ஒரு வாரம் பகலெல்லாம் திறந்துவைத்துக் காற்றாட விடு. வௌவால் நாற்றம் போனாலே அந்தப் பகுதி பாதி சீர்பட்டுவிடும். தாழ் விழாத கதவு, எரியாத விளக்கு, சொட்டுகிற குழாய் இவற்றை வருகிறவர் தம் கையால் தொட்டுப் பார்ப்பார், செலவும் சொற்பம். கிணற்றைத் தூர் வாரி, வந்தவர் எதிரில் ஒரு வாளி இறைத்துக் காட்டு. பரணில் கிடக்கிற உடைந்த நாற்காலிகளையும் பழைய காலண்டர்களையும் அப்புறப்படுத்து. கூடத்து ஊஞ்சலை மட்டும் கழற்றாதே. அந்தக் கூடம் எவ்வளவு விசாலமானது என்பது ஊஞ்சலில் ஒருமுறை உட்கார்ந்தால்தான் தெரியும்.

அம்மாவின் சௌகரியத்தைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதாதது எனக்கு வருத்தம். நீங்கள் விற்பது வீடு; அவள் அங்கே இன்னும் குடித்தனம் செய்துகொண்டிருக்கிறாள். முன்பின் தெரியாதவர்கள் அவளுடைய சமையலறைக்குள் நுழைந்து டப்பாக்களைப் பார்ப்பதும், பூஜை அறையை வாஸ்துப்படி இடிக்கவேண்டும் என்று அவள் காது கேட்கப் பேசுவதும் நடக்கும். எனவே வருகிற நேரத்தை முந்தின நாளே சொல்லும்படி தரகரைக் கட்டுப்படுத்து. அவள் சாப்பிடுகிற நேரத்திலும் பகலில் சற்றுப் படுக்கிற நேரத்திலும் யாரும் வரக்கூடாது. நீயோ உன் தங்கையோ உடன் இல்லாமல் எவரையும் உள்ளே விடவேண்டாம். உன் அப்பா படத்தைக் கூடத்திலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

பத்திரங்களையும் இப்போதே தூசி தட்டு. வாங்குபவர் கேட்டால் உரிமைப் பத்திரங்களைக் காட்டவேண்டியதும் அதே 55-ஆம் பிரிவு உன்மேல் வைத்திருக்கிற கடமை. தாய்ப்பத்திரம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். வீடு அப்பா சுயார்ஜிதமாக வாங்கியது. அவர் உயில் எழுதாமல் காலமானார். ஆகவே 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீ, உன் தங்கை மூவருக்கும் சமபாகம். தரகர் உன்னை ஒருவனையே சொந்தக்காரராகச் சொல்லிக்கொண்டு திரிவதாகத் தெரிகிறது. அதை உடனே நிறுத்து. மூவரும் கையெழுத்திடுவார்கள் என்பது வருகிறவருக்கு முதல் நாளே தெரியவேண்டும்.

விலை பேசும்போது வாங்குகிறவரின் பாரத்தையும் எண்ணிப் பார். முத்திரைக் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து, பத்து லட்சத்துக்குத் தொண்ணூறாயிரம் அவர் கையிலிருந்து தனியே போகும். மூலைக்கு மூலை குறை சொல்லிக் குறைத்துக் கேட்பார், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

வில்லங்கச் சான்று கைக்கு வந்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்பு. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் நான் கும்பகோணம் வருகிறேன். கொத்தனாரை அன்றே வரச்சொல், அந்தச் சுவரை நானும் பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
மாமன்