பிள்ளைகள் உறங்கும் வேளை



சென்ற மாதம் ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் பெஞ்சியில் தலை சாய்த்து உறங்கிவிட்டான். எல்லார் முன்பாகவும் அவனைக் கடிந்துகொண்டேன். பிற்பாடு விசாரித்தபோதுதான் சங்கதி விளங்கிற்று. முந்தின இரவு அவர்கள் வீட்டில்தான் அன்பியக் கூட்டம். நாம் குறித்த நேரம் 8 மணி. செபமும் பேச்சும் காப்பியும் முடிய 10 ஆயிற்று. ஒற்றை அறை வீடு. எல்லாரும் எழுந்து போகுமட்டும் பாய் விரிக்க இடமேது? 11 மணிக்குப் படுத்த பிள்ளையை 5 மணிக்கு எழுப்பி முதற் பூசைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவனை அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன்.

பிள்ளைக்கு எத்தனை மணி உறக்கம் வேண்டும்? 6 வயது முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தார் 2016-ல் வெளியிட்ட கணக்கு இது. உறக்கம் குறைந்த பிள்ளை பெரியவர்களைப்போல் சோர்ந்து உட்காருவதில்லை. பல வேளை துள்ளும், முரண்டு பிடிக்கும், அற்பத்துக்கு அழும். நாமோ அதைச் சேட்டை என்று எண்ணி அடிக்கக் கை ஓங்குகிறோம்.

கணக்கைக் காலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 6 மணிக்கு எழ வேண்டிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை 8.30-க்குள் கண் மூடியிருக்க வேண்டும். அப்படியானால் 7 மணிக்கே சாப்பாடு ஆக வேண்டும்.

"சாமி, படுக்க வைத்தாலும் தூக்கம் வருகிறதில்லையே" என்பீர்கள். எப்படி வரும்? இருட்டினபின் உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் சுரப்பு உண்டு. விளக்கின் வெளிச்சமும் கைப்பேசியின் வெளிச்சமும் அதைத் தடுத்துவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது அதிகம். ஆகையால் படுக்கைக்கு ஒரு மணி முன்னதாகக் கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணையட்டும். பிள்ளையினுடையது மட்டுமல்ல, தகப்பனாருடையதுங்கூட. நாடகத்தின் சத்தம் காதில் விழ, சுவர்ப் பக்கம் திரும்பிப் படு என்றால் எந்தப் பிள்ளை உறங்கும்?

அடுத்தது வரிசை. சாப்பாடு, மறுநாள் புத்தகப் பையும் சீருடையும் எடுத்து வைத்தல், பல் துலக்கல், செபம், ஒரு கதை, பாய். தினமும் இதே வரிசை மாறாமல் நடந்தால், பல் துலக்கும்போதே பிள்ளையின் உடம்பு உறக்கத்தை எதிர்பார்க்கத் தொடங்கும். வரிசையை அவனையே ஓர் அட்டையில் படமாக வரையச் சொல்லிச் சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் நீங்கள் பத்துத் தரம் கத்த வேண்டாம், "அடுத்தது என்ன?" என்று கேட்டால் போதும். பையை நீங்களே அடுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் நோட்டை மறந்து போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

செபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 9 மணிக்கு 53 மணி செபமாலையை முழந்தாளிட்டுச் சொல்ல வைத்து, நடுவில் தூங்கி விழும் சிறுபிள்ளையின் தலையில் குட்டுகிற வீடுகளை அறிவேன். அது பக்தி ஆகாது. மாலைத் திரிகால மணி அடித்ததும் செபமாலையைத் தொடங்கலாம்; இயலாவிட்டால் சிறியவர்களுக்கு ஒரு பத்து போதும். நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து படுக்க வையுங்கள். பெரியவர்கள் மீதியைப் பிறகு சொல்லலாம்.

இப்போது 10.30-க்கு உறங்குகிற பிள்ளையை நாளைக்கே 8.30-க்கு உறங்கு என்றால் நடவாது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் வேண்டும், பயமாயிருக்கிறது என்று எழுந்து வந்தால் வாதாடாமல், கோபிக்காமல், கைபிடித்துக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். சனி, ஞாயிறுகளிலும் ஒரு மணிக்குமேல் பிசகவேண்டாம். தகப்பனார் வேலை முடிந்து 10 மணிக்குத்தான் வருவாரென்றால், அவர் முகம் பார்க்கப் பிள்ளையை விழிக்க வைக்காதீர்கள். காலையில் பள்ளிக்கு அழைத்துப் போகும் வேலையை அவருக்குக் கொடுங்கள்.

இனி நம் பங்கில் அன்பியக் கூட்டங்கள் 6.30-க்குத் தொடங்கி 7.30-க்கு முடியும். வேலையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிரமம் என்று அறிவேன். அவர்களுக்கு ஞாயிறு பூசைக்குப்பின் வேறு கூட்டம் வைப்போம். 7.30 ஆகியும் நானே பேசிக்கொண்டிருந்தால், அந்த வீட்டுத் தாயார் எழுந்து பாயை விரிக்கலாம்; நான் கோபிக்கமாட்டேன்.