பழுப்பேறிய கண்ணாடி, பழகிப்போன நம்பிக்கை

“காமா கதிர் பட்டுப் பழுப்பான கண்ணாடியில் கதிரியக்கம் ஏறிவிடும்.”

ஏறாது. கோபால்ட்-60 தரும் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்த சாதாரணக் கண்ணாடிக் குப்பி டிகாஷன் நிறத்துக்குப் போவது உண்மை. ஆனால் அந்தக் கதிர் அணுக்கருவை மாற்றுவதில்லை. எலெக்ட்ரான்களை இடம்பெயர்க்கிறது, அவ்வளவுதான். பெயர்ந்த எலெக்ட்ரான் பக்கத்தில் ஏதாவது ஒரு குறையில் மாட்டிக்கொள்கிறது. அது விட்டுப்போன காலியிடம் வேறோர் இடத்தில் தங்கிவிடுகிறது. இரண்டும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்குவதால் வருவதே பழுப்பு. சில நூறு டிகிரி சூட்டில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும்.

“கலப்பில்லாத கண்ணாடிதான் கதிரைத் தாங்கும், எதைச் சேர்த்தாலும் கேடு.”

பாதி சரி. சுத்த சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கானையும் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களுக்கு இடையே பாலம். இதை உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். சூட்டைக் குறைக்கச் சோடா சேர்த்ததும் பாலங்கள் அறுபடுகின்றன. ஒருபக்கம் மட்டும் பிடிப்புள்ள அந்த ஆக்சிஜன்கள் காமா பட்டதும் எளிதில் எலெக்ட்ரானைப் பறிகொடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி சீக்கிரம் பழுப்பது இதனால்தான்.

ஆனால் கொஞ்சம் சீரியம் சேர்த்தால் கதை மாறுகிறது. அலையும் எலெக்ட்ரானையும் காலியிடத்தையும் சீரியமே வாங்கிக்கொள்ளும். அது விழுங்குவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை. அணுக்கழிவைக் கையாளும் அறைகளின் கனத்த பார்வை ஜன்னல்களில் சீரியக் கண்ணாடி இருப்பது சும்மா இல்லை. மாங்கனீஸ் நேரெதிர். பச்சைச் சாயலைப் போக்க அந்தக் காலத்தில் அதைச் சேர்த்தார்கள். அமெரிக்கப் பாலைவனங்களில் கிடந்த பாட்டில்கள் வெயிலிலேயே ஊதாவாகிவிட்டன.

“கண்ணாடிக்குள் ஒழுங்கே கிடையாது. இனிக் கதிர் வந்து எதைக் கலைக்கும்?”

கேள்வி நல்ல கேள்வி. அடுத்தடுத்த அணுக்களுக்குள் ஒழுங்கு உண்டு, தூரம் போகப்போகத்தான் இல்லை. காமாவைப் போலன்றி வேக நியூட்ரான் அணுவையே இடித்துத் தள்ளும். அப்படி இடிபட்ட சிலிக்கா கண்ணாடி உப்பிப்போகும் என்றுதான் நமக்குத் தோன்றும். சுருங்குகிறது! கன சென்டிமீட்டருக்கு 2.20 கிராமாக இருந்த அடர்த்தி ஏறக்குறைய 2.26 ஆகிறது. அதே சிலிக்காவின் படிகமான குவார்ட்ஸோ 2.65-லிருந்து இறங்கி அதே 2.26-க்கு வந்து சேர்கிறது. ஒழுங்கானதும் ஒழுங்கற்றதும் அடிபட்டு ஒரே நிலைக்கு வருவதை 1958-இல் ஆய்வாளர் வில்லியம் பிரைமாக் விரிவாக எழுதினார்.

“கல்பாக்கத்தில் அணுக்கழிவைக் கண்ணாடிக்குள் ஊற்றி மூடுகிறார்கள்.”

ஊற்றி மூடுவதில்லை. தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் மூன்றிலும் கழிவைப் போரோசிலிக்கேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்குகிறார்கள்; கழிவிலுள்ள சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் கண்ணாடியின் அணு வலையிலேயே இடம்பிடிக்கின்றன. உள்ளிருந்து வரும் ஆல்ஃபா சிதைவு, நான்கு ஆக்சிஜன் பிடித்த போரான்களில் சிலவற்றை மூன்றுக்கு இறக்கிவிடும். கண்ணாடி லேசாக உப்பும், கடினம் குறையும். விரிசலை எதிர்க்கும் திறனோ கூடுகிறது. ஓர் அளவுக்கு மேல் இந்த மாற்றங்கள் வளர்வதில்லை.