அணைத்தும் அணையாதது

அன்புள்ள தம்பிக்கு,



ஐ.டி.ஐ.யில் கோபா என்ற கணினிப் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே கரண்ட் போய், நீ டைப் அடித்த இரண்டு பக்கமும் காணாமல் போனதாக எழுதியிருந்தாய். "கண்ணெதிரே இருந்தது எங்கேக்கா போச்சு?" என்று கேட்டாயே, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் படிக்க அதுவே நல்ல தொடக்கம்.

நீ அடித்ததெல்லாம் ரேமில் இருந்தது. அங்கே ஒவ்வொரு பிட்டும் துளி மின்னூட்டம்தான். அது தானாகக் கசிந்துவிடும் என்பதால் 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் ஓயாமல் தண்ணீர் ஊற்றுகிற கதை. கரண்ட் நின்றால் குடம் காலி.

அதனால்தான் சேமிக்கிறோம். ஆனால் சேமிக்கக் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் வேர்டு தானே போய் ஹார்டு டிஸ்கில் எழுதிவிடாது. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம்தான் கேட்கும். அது காலி இடம் பார்த்து எழுதி, கோப்பின் பெயரையும் இடத்தையும் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். ரேமில் யாருக்கு எவ்வளவு இடம், பிராசசரில் யாருக்கு எவ்வளவு நேரம் என்று பங்கு பிரிப்பதும் அதுதான்.

சில சமயம் எழுத வேண்டியதை அது ரேமிலேயே சற்று வைத்திருந்து, பிறகு எழுதும். காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும் பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்காமல், 'எஜெக்ட்' கொடுத்து எடுக்கச் சொல்வது அதனால்தான்.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. பென்டிரைவில் ஒரு படத்தை டெலீட் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. ஒழிந்தது என்றே நினைப்பாய். உண்மையில் பதிவேட்டில்தான் அடித்தல் விழுந்திருக்கும். அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை படம் அங்கேயே கிடக்கும். மீட்டெடுக்கும் மென்பொருள் இருந்தால் எடுத்துவிடலாம். தவறி அழித்துவிட்டால் அந்தப் பென்டிரைவில் வேறு எதையும் ஏற்றாதே. சொந்தப் படங்கள் இருந்த பென்டிரைவை, அழித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் யாருக்கும் கொடுக்காதே.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. 'ஷட் டவுன்' கொடுத்தால் நீ திறந்தவையெல்லாம் மூடப்படும். ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல், தன் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து எழும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் அடியிலிருந்து புதிதாகத் தொடங்கும். கணினி மக்கர் செய்தால் முதலில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது சும்மா இல்லை.

திரை காட்டுவது ஒன்று, உள்ளே நடப்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இந்தப் பாடம் உனக்குக் கைவரும்.

நாளைக் காலை லேபில் கணினியைப் போட்டதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சி.பி.யு.வுக்குக் கீழே 'அப் டைம்' எவ்வளவு என்று பார். முந்தின நாள் மாலை நீயே அணைத்த கணினி, நான்கு நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாலும் சொல்லும். என்ன காட்டியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா