டெம்போ வைத்து பாலிஸ்டைரீன் செய்வது எப்படி?

ஸ்டைரீனில் பென்சாயில் பெராக்சைடு போட்டுச் சூடாக்கினாலே பாலிஸ்டைரீன் கிடைத்துவிடும். ஆனால் ஒரு சங்கிலி நீளமாக இருக்கும், இன்னொன்று குட்டையாக இருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வேண்டுமென்றால் டெம்போ சேர்க்க வேண்டும். நிலையான இந்த நைட்ராக்சைடு ராடிக்கல், வளரும் சங்கிலியின் முனையைப் பிடித்து மூடிவிடும். 120 டிகிரிக்கு மேல் அந்தப் பிணைப்பு விடுபடும். கொஞ்சம் மோனோமர் ஏறியதும் முனை மறுபடி மூடிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓவில் சாலமன், ரிசார்டோ குழுவினர் 1980களில் காப்புரிமை பெற்ற வழி இது. கனடாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஜார்ஜஸ் குழு 1993இல் வெளியிட்ட செய்முறையில்தான் புதியவர்கள் கைபழக வேண்டும் என்பேன்.

முதலில் கணக்கு. டெம்போ மூலக்கூறுகள் எத்தனையோ, கிட்டத்தட்ட அத்தனை சங்கிலிகள். 20 மில்லி ஸ்டைரீன் சுமார் 18 கிராம். முழுவதும் மாறினால் மூலக்கூறு எடை 20,000 வர 0.9 மில்லிமோல், அதாவது 140 மில்லிகிராம் டெம்போ போதும். பெராக்சைடு 0.75 மில்லிமோல், இரண்டுக்கும் விகிதம் 1.2. எல்லாமே இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. டெம்போ குறைந்தால் ஆரம்பத்திலேயே கட்டுப்பாடு போய்விடும். கூடினால் மணிக்கணக்கில் எதுவும் நடக்காது. சூட்டில் ஸ்டைரீன் தானாக உண்டாக்கும் ராடிக்கல்கள் அந்த உபரியைத் தீர்த்த பிறகே சங்கிலி வளரத் தொடங்கும்.

உலர்ந்த பென்சாயில் பெராக்சைடு உரசலிலும் சூட்டிலும் வெடிக்கும். 75 சதவீத ஈரப்பொடியையே வாங்கி, உலர்த்தாமல் 240 மில்லிகிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். உலோகக் கரண்டி வேண்டாம்.

ஸ்டைரீனைக் கார அலுமினா வழியே வடித்தால் அதிலுள்ள தடுப்பான் நீங்கும். மூன்றையும் கனமான கண்ணாடிக் குழாயில் கலக்குங்கள். ஆக்சிஜன் துளியும் இருக்கக்கூடாது: திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்பால் காற்றை இழுத்து, மூடி உருக விடுங்கள். மூன்று முறை செய்தபின் வெற்றிடத்திலேயே அடைத்துவிடுங்கள்.

பாதுகாப்புத் தடுப்புக்குப் பின்னால், ஆயில் பாத்தில் 95 டிகிரியில் மூன்றரை மணி நேரம். பெராக்சைடு உடைவது இந்தக் கட்டத்தில். நிறத்தைக் கவனியுங்கள்: டெம்போவின் ஆரஞ்சுச் சிவப்பு வெளுத்து வந்தால் அது சங்கிலி முனைகளில் ஏறுகிறது என்று பொருள். அதன்பின் 123 டிகிரிக்கு ஏற்றுங்கள். இனி பொறுமைதான், ஜார்ஜஸ் குழுவுக்கு 90 சதவீதம் மாற 69 மணி நேரம் ஆனது. நான் சொல்வது, 60, 70 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். மோனோமர் தீரத்தீர, இனி வளர முடியாத இறந்த சங்கிலிகள் பெருகும்.

ஆறியதும் டொலுவீனில் கரைத்து, நிறைய மெத்தனாலில் மெல்ல ஊற்றினால் வெள்ளைப் பாலிமர் பிரியும். வடிகட்டி, வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள். சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜிபிசியில் (ஜெல் பெர்மியேஷன் குரோமடோகிராபி) பரவல் எண் 1.3க்குள் வந்தால் நல்லது.

அதோடு விட்டுவிடாதீர்கள். இந்தப் பாலிமரில் கொஞ்சம் எடுத்துப் புது ஸ்டைரீனில் கரைத்து, பெராக்சைடு இல்லாமல், அதேபோல் காற்று நீக்கி 123 டிகிரியில் வையுங்கள். ஜிபிசி சிகரம் முழுதாகக் கூடுதல் எடைப் பக்கம் நகர்ந்தால் முனைகள் உயிரோடு இருக்கின்றன. அடுத்த மோனோமரை ஏற்றி பிளாக் கோபாலிமர் செய்யலாம். பழைய இடத்தில் ஒரு மேடு மிஞ்சினால் அது இறந்த சங்கிலிகள். அடுத்த முறை இன்னும் முன்பே நிறுத்துங்கள்.